குறியும் காதும்: பழைய டிராக்டர் எஞ்சினுக்கு டைமிங் வைப்பது

பழைய பெட்ரோல் டிராக்டர் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுகிறவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. புல்லியிலோ ஃப்ளைவீலிலோ இருக்கும் குறியைப் பார்த்துக் கையேடு சொல்லும் டிகிரியில் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, வைத்து இறுக்கிவிட வேண்டும், அதன்பிறகு பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே கூடாது என்பது ஒரு கட்சி. எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, சத்தம் எங்கே சீராக வருகிறதோ அங்கே இறுக்கினால் போதும், காதைவிட நல்ல கருவி கிடையாது என்பது மற்றொரு கட்சி. இரு பக்கத்திலும் நான் மதிக்கும் கைகள் இருப்பதால், யார் சொல்வது சரி என்று நெடுங்காலம் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அண்மையில் கட்டி முடித்த ஓர் எஞ்சின்தான் அந்தக் கேள்வியே சரியாகக் கேட்கப்படவில்லை என்பதைக் காட்டியது.

அது 1950களைச் சேர்ந்த, பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடும் வகையான நான்கு சிலிண்டர் எஞ்சின். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், டைமிங் செயின் எல்லாம் புதிது. சிலிண்டர்களை மூடும் ஹெட் வளைந்திருந்ததால் அதன் அடிப்பரப்பைச் சீவி நேராக்கியிருந்தது. குறியைப் பார்த்துக் கையேட்டின்படி டைமிங் வைத்தபோது எஞ்சின் சுலபமாகக் கிளம்பியது, ஆனால் ஓட்டத்தில் உயிர் இல்லை. ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் தயங்கித் தயங்கி எழுந்தது. தண்ணீர் வேண்டியதைவிட விரைவாகச் சூடேறியது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மங்கலான சிவப்பாகத் தெரியத் தொடங்கியது. இவை எல்லாம் பொறி தாமதமாக விழுவதன் அடையாளங்கள். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத வாயு, வால்வு திறந்த பிறகும் எரிந்துகொண்டே வெளியேறுகிறது, பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு இரும்பைச் சூடாக்குகிறது.

அருகில் இருந்த மூத்த மெக்கானிக் அண்ணன், காதுக் கட்சியின் தலைசிறந்த ஆள். “குறியை நம்பாதே தம்பி. எஞ்சின் என்ன கேக்குதுன்னு பாரு” என்று சொல்லி, கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டரை முன்பக்கம் திருப்பினார். ஓட்டம் உடனே தெளிந்தது, வேகம் தானாகக் கூடியது, சத்தம் வட்டமாக வந்தது. வேகம் உச்சத்துக்கு வந்த இடத்தில் போல்ட்டை இறுக்கினார். அந்த நிமிடம் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கலப்பையைப் பூட்டி மண்ணில் இறக்கியதும், எஞ்சினுக்குள் கூழாங்கற்களைக் குலுக்குவதுபோல் தட்டல் கேட்டது. லோடு ஏற ஏற அது கூடியது. உடனே நிறுத்திவிட்டோம். குறிப்படி வைத்தால் தாமதம், காதின்படி வைத்தால் அவசரம். இரண்டு கட்சிகளும் ஒரே எஞ்சினில், ஒரே மாலையில் தோற்றதைத்தான் என் மனம் விடாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

காது எங்கே ஏமாறுகிறது

பொறி விழுந்த உடனே எல்லாம் வெடித்துவிடுவதில்லை. பிளக் முனையில் தோன்றும் சிறு தீ, அறை முழுவதும் பரவுவதற்கு மில்லிவினாடிக் கணக்கில் நேரம் எடுத்துக்கொள்கிறது. அழுத்தத்தின் உச்சம், பிஸ்டன் மேல்முனையைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஏறக்குறைய 10 முதல் 20 டிகிரி திரும்பிய இடத்தில் வந்தால்தான் முழு வேலை கிடைக்கும். அதற்காகவே பிஸ்டன் அந்த மேல்முனைக்கு, அதாவது டாப்புக்கு, வருமுன்பே பொறியைக் கொடுக்கிறோம். எத்தனை டிகிரி முன்பே என்பதுதான் அட்வான்ஸ். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது ஒரு மில்லிவினாடிக்குள் கிராங்க் 12 டிகிரி திரும்பிவிடும். 500 சுற்றில் அதே நேரத்தில் 3 டிகிரிதான் திரும்பும். வேகம் கூடக்கூடப் பொறியை முன்னே தள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழற்சியில் விரியும் எடைக்கட்டைகளை வைத்ததன் காரணம் இதுதான்.

இதில் வேகத்தைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் காதுக் கட்சி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. லோடு இல்லாமல் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில், கலவையை உள்ளே விடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. சிலிண்டருக்குள் வரும் கலவை குறைவு, பழைய புகை அதில் கலந்திருக்கும் அளவு அதிகம், அழுத்தமும் குறைவு. அப்படிப்பட்ட கலவை மெதுவாகத்தான் எரியும். ஆகவே ஐட்லிங்கில் நிற்கும் எஞ்சின், லோடில் தாங்கக்கூடியதைவிட அதிக அட்வான்ஸை எப்போதும் விரும்பும். டிஸ்ட்ரிபியூட்டரை முன்னே திருப்பத் திருப்ப ஓட்டம் இனிமையாவது அதனால்தான். கலப்பை மண்ணில் இறங்கியதும் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறது, சிலிண்டர் நிறைகிறது, எரிதல் வேகமாகிறது. சற்று முன் இனிமையாக இருந்த அதே அட்வான்ஸ் இப்போது, பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. மீதமுள்ள கலவை தீ வந்து சேருமுன்பே தானாக வெடிக்கிறது. நாம் கேட்கும் தட்டல் அதுதான். புதிதாக மாற்றிய பிஸ்டனில் ரிங் உட்காரும் வரம்புகளை உடைக்கும் வல்லமை அதற்கு உண்டு.

மண்ணெண்ணெய் எஞ்சினில் இந்த எல்லை இன்னும் நெருக்கமானது. மண்ணெண்ணெயின் ஆக்டேன், அதாவது தட்டாமல் எரியும் தன்மை, பெட்ரோலைவிட மிகக் குறைவு என்பதால் அது எளிதில் தட்டும்; அதற்காகவே இவ்வகை எஞ்சின்களின் கம்ப்ரஷனை, கலவையை அழுத்தும் அளவை, குறைத்து வடிவமைத்தார்கள். 1946இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வெளிவரத் தொடங்கிய ஃபெர்குசன் டிஇ20 வரிசையிலும், சில ஆண்டுகளில் மண்ணெண்ணெய் வகைக்கென்று தனி மாடல் வந்தது. இப்படிப்பட்ட எஞ்சினின் ஹெட்டைச் சீவும்போது, குறைத்து வைத்திருந்த கம்ப்ரஷனை நாமே கொஞ்சம் கூட்டிவிடுகிறோம். எரிதல் அதற்கேற்ப வேகமாகும், அட்வான்ஸ் சற்றுக் குறைவாகவே போதும். பெட்ரோலில் ஓடும்போது தட்டவில்லை என்பதை வைத்து டைமிங் சரி என்று சொல்லிவிடவும் முடியாது. எந்த எரிபொருளில் வேலை செய்யப்போகிறதோ, அதில், முழுச் சூட்டில், லோடில் கேட்டால்தான் காதின் சாட்சிக்கு மதிப்பு உண்டு.

இன்னொரு பக்கம், காது கண்டுபிடித்த ஒன்றை நான் தள்ளிவிட முடியாது. குறிப்படி வைத்த டைமிங் தாமதமானது என்று அண்ணன் சொன்னது உண்மை. எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைக் காது சரியாகவே சொன்னது. எங்கே நிற்க வேண்டும் என்பதை அதனால் சொல்ல முடியவில்லை.

பிஸ்டனிடமே கேட்பது

காதை இப்படிப் புரிந்துகொண்ட பிறகு மீதியிருந்தது குறிதான். கையேட்டின் எண் தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. அதை அளக்கப் பயன்படுத்திய குறி மட்டும் ஏன் உண்மை பேசும் என்று எடுத்துக்கொள்கிறோம்? எழுபது ஆண்டு வேலை பார்த்த எஞ்சினின் புல்லி, இடையில் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு எஞ்சினின் புல்லியைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம், புல்லியைத் தண்டில் பூட்டும் சாவிக்காடி வேறு இடத்தில் வெட்டப்பட்டிருக்கலாம், காட்டும் முள்ளை யாரோ வளைத்திருக்கலாம். டாப் எங்கே என்று புல்லி சொல்வது கேள்விப்பட்ட செய்தி. பிஸ்டனுக்குத்தான் அது நேரடியாகத் தெரியும்.

பிளக் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு, அது மேலே வந்து நிற்கும் இடத்தை டாப் என்று கொள்வது பரவலான வழக்கம். அந்த வழக்கத்தை நான் ஏற்பதில்லை, அதற்குக் கணக்கு இருக்கிறது. 92 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கொண்ட ஓர் எஞ்சினில், டாப்பிலிருந்து கிராங்க் 5 டிகிரி திரும்பும்போது பிஸ்டன் இறங்கும் தொலைவு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான். கையில் பிடித்த கம்பியால் அதை உணரவே முடியாது. டாப்புக்கு இருபுறமும் பிஸ்டன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும் ஓர் அகலமான இடம் இருக்கிறது, கம்பி அதற்குள் எங்கே வேண்டுமானாலும் “இதுதான் டாப்” என்று சொல்லும். நாம் வைக்க நினைக்கும் அட்வான்ஸின் பெரும்பகுதியே அந்தப் பிழைக்குள் காணாமல் போய்விடும்.

ஆகவே பிஸ்டன் மெதுவாக நகரும் இடத்தை விட்டுவிட்டு, வேகமாக நகரும் இடத்தில் அளக்க வேண்டும். ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, அதன் கூட்டுக்குள் நீளமான போல்ட் ஒன்றை, முனையை உருண்டையாகத் தேய்த்து, அசையாதபடி பொருத்திக்கொண்டேன். மற்ற பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரில் இதைத் திருகி, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினால், டாப்புக்குச் சற்று முன்பே பிஸ்டன் போல்ட்டில் முட்டி நிற்கும். பலம் காட்டக் கூடாது. அலுமினிய பிஸ்டனின் தலையில் போல்ட் பதிந்துவிடும். முட்டிய இடத்தில் நிலையான முள்ளுக்கு நேராகப் புல்லியில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. பிறகு எதிர்த்திசையில் திருப்பினால் மறுபுறம் முட்டும். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் சரிபாதியில் இருப்பதுதான் உண்மையான டாப். பிஸ்டன் முட்டும்போது கையில் தெரியும் அந்த “டக்” உணர்வு தெளிவானது, இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிகழ்வது, ஊகத்துக்கு அதில் இடமில்லை. பிளக் துளை பிஸ்டனுக்கு நேர் மேலே இல்லாமல் வால்வுப் பக்கம் இருக்கும் சைடு வால்வு எஞ்சின்களில் மட்டும் இது பலிக்காது. அவற்றில் ஹெட்டை மூடுமுன்பே, நுண்ணிய நகர்வையும் காட்டும் டயல் கேஜ் வைத்து, டாப்புக்கு இருபுறமும் ஒரே அளவு இறங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு பாதியைக் காண வேண்டும். உண்மையில் எல்லா எஞ்சின்களுக்கும் ஹெட் கழற்றியிருக்கும் அந்த நேரமே இதற்கு மிகச் சிறந்தது.

இரண்டு சுண்ணாம்புக் கோடுகளுக்கும் நடுவே நூல் பிடித்துப் பாதியைக் குறித்தபோது, அது பழைய குறியின்மேல் விழவில்லை. சுமார் 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தப் புல்லியின் விளிம்பில் ஒரு டிகிரிக்கு 1.3 மில்லிமீட்டர் வரும். புதிய கோட்டுக்கும் பழைய குறிக்கும் இடையே 10 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய 8 டிகிரி. நான் “டாப்புக்கு முன்” என்று நினைத்து வைத்த டைமிங், உண்மையில் அந்த அளவுக்குத் தாமதமாக இருந்திருக்கிறது. எஞ்சின் சோம்பியதும், மேனிஃபோல்டு சிவந்ததும், அண்ணனின் காது உடனே முன்னே போகச் சொன்னதும் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றன. கையேடு சொன்ன எண் தவறல்ல, அண்ணனின் காதும் பொய் சொல்லவில்லை. அதுவரை ஒருவரும் சந்தேகிக்காத அந்தப் புல்லிக் குறிதான் இரண்டையும் எதிரிகளாக்கி வைத்திருந்தது.

விளக்கு எரியும் இடம்

டாப் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம்: எந்த டாப்? நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது வால்வுகளைத் திறக்கும் கேமும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு சுற்றுதான் சுற்றுகின்றன, முதல் பிஸ்டன் இரண்டு முறை மேலே வருகிறது. கம்ப்ரஷனின் முடிவில் வருவதுதான் நமக்கு வேண்டியது. பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடித் திருப்பினால் காற்று விரலைத் தள்ளும். ராக்கர் மூடி திறந்திருந்தால் இன்னும் நல்லது: முதல் சிலிண்டரின் இரு வால்வுகளும் தளர்ந்திருக்க, நான்காவது சிலிண்டரில் ஒரு வால்வு மூடிக்கொண்டும் மற்றது திறந்துகொண்டும் இருக்கும். சிலிண்டர்களில் பொறி விழும் வரிசையான ஃபயரிங் ஆர்டரைப் பெரும்பான்மை நான்கு சிலிண்டர் டிராக்டர்களைப் பார்த்து 1-3-4-2 என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஃபோர்டு 8என் போன்றவற்றில் அது 1-2-4-3.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். லைனரில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்காகச் சண்டை போடுகிறவர்கள், கடைசியில் அரைநூற்றாண்டு தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே துடைத்து மாட்டிவிடுகிறார்கள். அதன் தண்டை இரு விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது, மின்னோட்டத்தை இணைத்து அறுக்கும் பாயிண்டின் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும், அந்த நிலையில் ஒரு டிகிரி துல்லியம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பழைய பாயிண்டுகளில் ஒரு முகத்தில் சிறு மேடும் எதிர் முகத்தில் குழியும் விழுந்திருக்கும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் அந்த மேட்டில் தட்டி நிற்பதால், அது காட்டும் இடைவெளி உண்மையானதைவிடக் குறைவு. புதிய பாயிண்ட் போடுவதே நேர்மையான வழி.

பாயிண்ட் இடைவெளியை முதலில் வைத்து, டைமிங்கை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும் என்பதில் எந்தச் சலுகையும் கிடையாது. பொறி பாயிண்ட் மூடும்போது விழுவதில்லை, திறக்கும் கணத்தில்தான் விழுகிறது. மின்னோட்டம் அறுபட்டுக் காயிலின் காந்தப்புலம் சரியும்போதுதான் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. இடைவெளி அதிகமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னே போகும். குறைந்தால் பின்னே போகும். ஃபீலர் கேஜில் ஓர் இலை மாறினாலே கிராங்கில் சில டிகிரி மாறிவிடும். டைமிங் வைத்த பிறகு பாயிண்டைத் திருத்துகிறவர் தன் வேலையைத் தானே அழிக்கிறார்.

அதேபோல, பிரிக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் கீறி வைத்த அடையாளக்கோடும் எஞ்சின் கட்டிய பிறகு உதவாது. தளர்ந்த பழைய செயினில் கேம், கிராங்குக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரும் கூடவே பின்தங்கியது. புதுச் செயின் அதை முன்னே கொண்டுவந்துவிடும். பழைய கீறலில் பொருத்தினால் பழைய டைமிங் வராது.

மற்றபடி வேலை எளிது. டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு மின்கம்பி முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே ஒரு சிறு பல்பு. பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் அதன் வழியே உடம்புக்கு இறங்கிவிடுவதால் பல்பு எரியாது. திறந்த கணம் எரியும். எஞ்சினை அது ஓடும் திசையிலேயே திருப்பி, புதிய டாப் கோட்டிலிருந்து கணக்கிட்டுக் குறித்த இடத்தில் நிறுத்த வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் சற்றே பின்னால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது, நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னே வர வேண்டும். இல்லாவிட்டால் செயினிலும் பற்களிலும் இருக்கும் தளர்ச்சி எல்லாம் தவறான பக்கம் சேர்ந்துகொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரை அதன் சுழற்சிக்கு எதிராக ஒரு விரலால் லேசாக அழுத்திக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை முதலில் ரோட்டரின் திசையில் திருப்பி பல்பை அணைத்து, பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகக் கொண்டுவந்தால், ஓரிடத்தில் பல்பு மின்னும். இறுக்க வேண்டிய இடம் அது. இறுக்கும்போதும் உடல் சற்றே நகரக்கூடும், ஆகவே எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி அதே கோட்டில் பல்பு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது.

கைக் கிராங்கால் கிளப்பும் எஞ்சினில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. பொறி அளவுமீறி முன்னால் விழுந்தால், மெதுவாகச் சுற்றும் எஞ்சின் டாப்பைத் தாண்டாமல் பின்னே திரும்பும், கிராங்க் கையைத் திருப்பி அடிக்கும். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்து எலும்பு முறிவு, அந்தக் காலத்து ஓட்டுநர்களிடையே ஒரு தொழில் காயமாகவே இருந்தது. கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலே இழுக்கும் பழக்கம் அந்த அடியிலிருந்து பிறந்தது.

எஞ்சின் உடனே கிளம்பியது. சூடேறி மண்ணெண்ணெய்க்கு மாறிய பிறகு கலப்பையை இறக்கினோம். இப்போது அண்ணனின் காதுக்கு உரிய இடம் வந்தது. முழு லோடில் மிக லேசான தட்டல் ஒன்று அவருக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. ஹெட் சீவியதை நினைவுபடுத்தி, ஒரு டிகிரி அளவுக்குப் பின்னே இழுக்கச் சொன்னார், இழுத்தேன், அது நின்றது, இழுவை குறையவில்லை. கையேடு எழுதியவருக்கு ஹெட் சீவிய செய்தி தெரிந்திருக்க வழியில்லை. அந்த ஒரு டிகிரியைக் காதைத் தவிர வேறெதுவும் சொல்லியிருக்காது. அதற்கு முந்தைய எட்டு டிகிரியைக் காதின் பொறுப்பில் விட்டதுதான் தவறு என்பதே இப்போது என் நிலைப்பாடு. உண்மையான டாப்பிலிருந்து அளந்து கையேட்டின் எண்ணில் தொடங்க வேண்டும். லோடில், சூட்டில், அதன் எரிபொருளில் கேட்டு அங்கிருந்து ஓரிரு டிகிரி நகர வேண்டும். பழைய புல்லிக் குறியை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டு, புதிய இடத்தில் உளியால் ஒரு கோடு வெட்டி வெள்ளை பெயின்ட் பூசினேன், அடுத்து வருகிறவரை அது ஏமாற்றக் கூடாது என்பதற்காக.

புதிய பாயிண்டின் ஃபைபர் கட்டை, முதல் சில மணி நேர ஓட்டத்தில் கேமில் உரசி விரைவாகத் தேய்ந்து, பிறகுதான் அடங்கும். எனவே ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிய அன்றே பல்பையும் மாட்டிப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே அது கோட்டைத் தாண்டிச் சற்றுத் தாமதமாக எரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவில்லை. பாயிண்ட் இடைவெளியைப் பழைய அளவுக்கே திருத்தி, கேமில் ஒரு துளி கிரீஸ் வைத்துத் திருப்பியதும், பல்பு மீண்டும் கோட்டிலேயே எரிந்தது.